ஓடுகிற லினக்ஸை எதற்கு நோண்ட வேண்டும்? (மின்ட், உபுண்டு அப்டேட் பற்றிய இழை)

18 அக்டோபர் 2025, கேள்வி

"விண்டோஸ் 10-க்கு இந்த மாதம் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ3 லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாது. இங்கே எல்லாரும் சொன்னதால் லினக்ஸ் மின்ட் 22.2 போட்டேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மூலையில் ஒரு கேடயம் உட்கார்ந்துகொண்டு எப்போது பார்த்தாலும் அப்டேட் இருக்கிறது என்கிறது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே விண்டோஸை விட்டு வந்தேன்? லினக்ஸில் வைரஸே வராது என்று வேறு சொன்னீர்கள். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்றிப் பார்க்க வேண்டும்? எல்லா அப்டேட்டையும் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்?"

18 அக்டோபர், இரவு

நிறுத்தி வைத்தால் நாளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. அதனால்தான் நிறையப் பேர் நிறுத்தி வைக்கிறார்கள்.

வைரஸ் வராது என்று யார் எந்த அர்த்தத்தில் சொன்னார்களோ. பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வரும் விண்டோஸ் குப்பை இங்கே ஓடாது. அதுவரைக்கும் சரி. ஆனால் டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க நாம் செய்வது என்ன? பிரவுசரைத் திறந்து, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய பக்கங்களையும் படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் உள்ளே இழுத்து ஓடவிடுகிறோம். ஓட்டை அங்கே இருந்தால், அடியில் இருப்பது மின்ட்டா விண்டோஸா என்ற கேள்வி அப்புறம்தான் வரும்.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திறந்து காட்ட லிப்வெப்பி என்று ஒரு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு). அதில் நினைவக எல்லையைத் தாண்டி எழுதும் ஒரு பிழை. யாரோ கவனமாகத் தயாரித்த ஒரு படத்தைப் பிரவுசர் காட்டினாலே போதும், நீங்கள் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. கூகுள் பேட்ச் (திருத்தம்) விட்டபோதே அதை வெளியே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குரோம் 11-ஆம் தேதி திருத்தியது, ஃபயர்பாக்ஸ் மறுநாள் 117.0.1 விட்டது. அதே லைப்ரரி தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலிலும் இருந்தது, எலக்ட்ரானில் (பிரவுசரை உள்ளே வைத்துச் செயலி கட்டும் கருவி) கட்டிய சாட் செயலிகளிலும் இருந்தது. லினக்ஸுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நம்முடையது திறந்த மூலம். பேட்ச் வெளியாகும் அன்றே, எந்த வரியில் என்ன மாற்றினார்கள் என்பதும் வெளியாகிவிடும். படிக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டை எங்கே என்று அதிலிருந்தே தெரியும். அதற்குப் பிறகும் போடாமல் இருப்பவர்கள்தான் அவனுக்கு இரை.

19 அக்டோபர், காலை

இன்னொரு நண்பர் "நான் தினமும் அப்டேட் செய்கிறேன், ஆனாலும் கேடயம் போகவில்லை" என்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், டெர்மினலில் சூடோ ஆப்ட் அப்டேட் அடித்துவிட்டு மூடிவிடுகிறாராம்.

அண்ணா, அது பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். ஒரு பைட்டைக்கூட நிறுவாது. அதற்குப் பிறகு ஆப்ட் அப்கிரேட் அடிக்க வேண்டும். பழைய பாக்கேஜை (நிறுவும் நிரல் பொதியை) நீக்கினால்தான் புதியது ஏறும் என்ற நிலை வந்தால் ஃபுல்-அப்கிரேட். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் இப்படியே ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதீர்கள்.)

19 அக்டோபர், மாலை

கேட்டவரின் உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன்: அப்டேட் போட்டால் உடைந்துவிடும். விண்டோஸில் அந்த அனுபவம் இருக்கும். லினக்ஸில் எது உடைக்கிறது, எது உடைப்பதில்லை என்று பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும்.

மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04. இப்படிப்பட்ட நீண்ட ஆதரவு வெளியீடுகளில் பாதுகாப்புத் திருத்தம் என்றால் புதிய பதிப்பை ஏற்றுவதில்லை. பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் நாலு வரியை மட்டும் எடுத்து அதில் செருகுவார்கள். உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கும் லைப்ரரி) எத்தனையோ திருத்தம் வாங்கிவிட்டது. எண் இன்னும் 3.0.2 தான், பின்னால் இருக்கும் வால் மட்டும் நீண்டுகொண்டே போகும். பொத்தான் இடம் மாறாது, மெனு மாறாது, உங்கள் செட்டிங் மாறாது. கம்பெனிகளில் ஸ்கேனர் ஓட்டுகிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு "இது பழசு, ஆபத்து" என்று சிவப்பில் அறிக்கை தருவார்கள். வாலைப் படிக்காததால் வருகிற அறிக்கை அது.

பிரவுசர் இதற்கு விதிவிலக்கு. ஃபயர்பாக்ஸில் பழைய பதிப்பை ஒட்டுப்போட்டு வைத்திருக்க யாருக்கும் தெம்பில்லை, முழுப் பதிப்பே மாறும்.

உடைவது எங்கே? நான் பார்த்தவரை மூன்று இடங்கள். கர்னலோடு (சிஸ்டத்தின் மையப் பகுதி) சேர்த்துத் தனியாகக் கட்ட வேண்டிய டிரைவர்கள், முக்கியமாக நிவிடியா. புதிய கர்னல் வந்ததும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதற்கான டிரைவர் தொகுதியைக் கட்டித் தர வேண்டும், அது தடுக்கினால் கறுப்புத் திரை. இரண்டாவது, வலையில் எங்கோ படித்துச் சேர்த்த பிபிஏ-க்கள் (தனிநபர்கள் வைத்திருக்கும் பாக்கேஜ் களஞ்சியங்கள்); சேர்த்த காரணமே மறந்துபோயிருக்கும், அவை மட்டும் உட்கார்ந்துகொண்டு லைப்ரரிகளை இழுத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீட்டுக்குத் தாவுவது. கேடயம் காட்டும் அன்றாடத் திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலும் சேராது.

20 அக்டோபர்

"வீட்டில் நான் ஒருவன்தான் உபயோகிக்கிறேன், லோக்கல் ஓட்டைகள் எனக்கு எதற்கு" என்று கேட்டிருக்கிறார்கள்.

லோக்கல் ஓட்டை என்பது இரண்டாம் படி. முதல் படி பிரவுசர் வழியாகவோ, நீங்களே இறக்கி ஓடவிட்ட ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் வழியாகவோ உங்கள் பயனர் கணக்குக்குள் வருவது. அங்கிருந்து ரூட் (மெஷின் முழுவதையும் ஆளும் கணக்கு) ஆவதற்குத்தான் இவை.

பிகேஎக்ஸெக் என்ற நிரலில் 2009-இலேயே புகுந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல், ஏறத்தாழ எல்லா டிஸ்ட்ரோவிலும் (லினக்ஸ் வகையிலும்). சூடோவில் (ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் நிரல்) 2011-இல் வந்த ஒன்று 2021 ஜனவரியில். இரண்டையும் தோண்டி எடுத்தது குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள். அவ்வளவு பழைய கதை எதற்கு, இந்த ஜூனில் சூடோவில் சிரூட் வசதி சார்ந்து ஒன்று வந்ததே, 1.9.14 முதல் 1.9.17 வரை. உபுண்டு 24.04-இல் இருப்பது 1.9.15. அதாவது மின்ட் 22-ஐப் போன வருடம் போட்டுவிட்டுக் கேடயத்தைத் தொடாமல் இருப்பவர் மெஷினில் அது இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது. சூடோ பட்டியலில் பெயர் இல்லாத பயனர்கூட அதன் வழியாக ரூட் ஆகலாம் என்பதுதான் அதன் அழகு.

21 அக்டோபர்

ரீபூட்.

இதைத் தனியாக எழுதக் காரணம், நம் ஆட்களிடம் ஒரு பெருமை உண்டு. "விண்டோஸ் மாதிரி இல்லை சார், லினக்ஸை ரீஸ்டார்ட் செய்யவே வேண்டாம்." அப்டைம் (எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்ற கணக்கு) ஸ்கிரீன்ஷாட் போட்டு லைக் வாங்குவார்கள்.

அப்டேட் நிறுவும்போது ரீஸ்டார்ட் கேட்டுக் கழுத்தறுக்காது என்பது உண்மை. ஆனால் கர்னல் பேட்ச் டிஸ்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல். ரீபூட் செய்யும் வரை அந்தப் பேட்ச் உங்களுக்கு இல்லை. லைப்ரரிகளும் அப்படியே. கோப்பை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல் பழைய பிரதியை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த நிரலை மூடித் திறந்தால்தான் புதியது ஏறும். 2014-இல் ஹார்ட்பிளீட் வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ அப்டேட் செய்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டவர்களுக்கு அந்த அப்டேட்டால் ஒரு பயனும் இல்லை.

லேப்டாப்காரர்கள் இதில் இன்னும் மோசம். மூடியை மூடுகிறோம், திறக்கிறோம், சஸ்பெண்ட் ஆகிறது, எழுகிறது. ஷட்டவுன் என்ற மெனு இருப்பதே மறந்துவிடும். யூநேம் ஹைஃபன் ஆர் அடித்து வரும் எண்ணையும் (இப்போது ஓடும் கர்னல்), நிறுவியிருக்கும் கர்னல்களில் கடைசி எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

ரீபூட் இல்லாமல் கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் உபுண்டு ப்ரோவில் உண்டு. இடைக்கால ஏற்பாடுதான், எல்லாத் திருத்தமும் அந்த வழியில் வராது. வீட்டு லேப்டாப்புக்கு ராத்திரி அணைத்துக் காலையில் போடுவதே போதும்.

21 அக்டோபர், பின்னிரவு

சேர்க்க மறந்தது: உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் 22.04 முதல் ஸ்னாப் (உபுண்டுவின் தனி பாக்கேஜ் முறை). ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு தடவை தானாகவே போய்ப் பார்க்கும். ஆனால் ஃபயர்பாக்ஸ் திறந்திருந்தால் மாற்றாமல் காத்திருக்கும், இரண்டு வாரம்கூட. ஐம்பது டேப் திறந்து வைத்து மூடவே மாட்டேன் என்று இருப்பவர்கள் கவனிக்க. மின்ட்டில் ஃபயர்பாக்ஸ் டெப் (ஆப்ட் நிறுவும் வழக்கமான வடிவம்) பாக்கேஜாகவே வருகிறது, அங்கே இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வரும்: அப்டேட் ஆனதும் புதிய டேப் திறந்தால் "ரீஸ்டார்ட் செய்தால்தான் மேலே போக முடியும்" என்று நிற்கும். எரிச்சலாக இருக்கும்தான். பழையதும் புதியதும் பாதிப்பாதியாக ஓடுவதைவிட அது தேவலை.

23 அக்டோபர்

கேட்டவர் திரும்ப வந்து, "சரி சார், போடுகிறேன், ஆனால் என்னிடம் பிராட்பேண்ட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி" என்கிறார்.

நியாயமான பிரச்சினை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எது தின்கிறது என்று பாருங்கள். பிரவுசர் அப்டேட் அவ்வளவு பெரிதில்லை. சூடோ, ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரியானவை வாட்ஸப்பில் வரும் ஒரு வீடியோ அளவுகூட வராது. தின்பவை: லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பாக்கேஜ், அது ஒன்றே சில நூறு எம்பி, உலகத்தில் இருக்கும் எல்லா வைஃபை சிப்புக்கும் ஃபர்ம்வேர் அதில் இருக்கிறது, உங்களிடம் இருப்பது ஒன்று. அடுத்து கர்னல். அடுத்து லிப்ரெஆபிஸ். எல்லாவற்றுக்கும் மேலே ஃபிளாட்பேக் (எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடும் செயலி வடிவம்) ரன்டைம்கள், அதாவது அந்தச் செயலிகளுக்கு அடித்தளமான லைப்ரரித் தொகுப்புகள்.

மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் இருக்கிறது, அளவும் தெரியும். பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கேடயச் சின்னம் தனியாகத் தெரியும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது அவற்றையும் பிரவுசரையும் மட்டும் டிக் செய்யுங்கள். பெரியவற்றை நண்பர் வீட்டு வைஃபைக்கோ, நாள் கோட்டா முடியப்போகும் ராத்திரி பதினொன்றரை மணிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத ஃபிளாட்பேக்குகளைத் தூக்கிவிட்டு, அதே நிரல் டெப் வடிவில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் சோர்ஸஸ் திரையில் பக்கத்து மிரரை (களஞ்சியத்தின் நகல் சர்வரை) தேர்ந்தெடுத்தால் டேட்டா குறையாது, நேரம் குறையும்.

24 அக்டோபர்

ஃபிளாட்பேக்கை நான் திட்டியதாக ஒருவர் கோபித்துக்கொண்டார். திட்டவில்லை. டேட்டா கணக்கு சொன்னேன். அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, ஒரு கெட்ட பக்கமும் உண்டு, இரண்டும் லிப்வெப்பி கதையிலேயே இருக்கிறது. டெப் உலகில் அந்த லைப்ரரி ஒரு இடத்தில் இருக்கும், அதைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாம் திருந்தும். ஃபிளாட்பேக்கில் ரன்டைமுக்குள் இருந்தால் ரன்டைம் திருத்தப்பட வேண்டும். செயலிக்குள்ளேயே சொந்தப் பிரதி இருந்தால் அந்தச் செயலிக்காரர் கையில்தான் எல்லாம். அவர் தூங்கினால் உங்கள் ஓட்டை மட்டும் தூங்காமல் திறந்தே இருக்கும். மறுபக்கம், சாண்ட்பாக்ஸ் (செயலியை அடைத்து வைக்கும் வேலி) இருப்பதால் உள்ளே வந்தவன் உடனே வீடு முழுக்கச் சுற்ற முடியாது, அனுமதிகளை அள்ளிக் கொடுக்காமல் இருந்தால்.

26 அக்டோபர்

கரண்ட்.

கோவில்பட்டியில் மாமா ஒருவரின் டிடிபி கடைக்கு நான்தான் சம்பளம் இல்லாத சிஸ்டம் அட்மின். டெஸ்க்டாப் பிசி, பெயருக்கு ஒரு யுபிஎஸ், பேட்டரி செத்து எத்தனையோ காலம். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் லாகின் திரை வருகிறது, உள்ளே போனால் பாதி ஐகான் இல்லை. "நீ வந்து தொட்டதால்தான்" என்று அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மெஷின் சாகவில்லை. பாக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி, எந்தப் பாக்கேஜ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டேதான் போகும். கிரப் (பூட் ஆகும்போது முதலில் வரும் நிரல்) மெனுவில் ரெகவரி மோட், ரூட் ஷெல், அங்கே டிபிகேஜி கன்ஃபிகர் ஹைஃபன் ஏ. பாதியில் நின்றவை வரிசையாக முடிந்தன. பிறகு ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். ரீபூட். நல்ல பிள்ளையாக எழுந்து உட்கார்ந்தது. புது பேட்டரி வாங்கச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை சீசன் முடியட்டும் என்றார் மாமா.

கரண்ட் நிலவரம் மோசமான ஊரில் புதிதாகப் போடுகிறவர்கள் ஃபெடோரா சில்வர்புளூ மாதிரி அணுவகை டிஸ்ட்ரோக்களையும் பார்க்கலாம். ஓடும் சிஸ்டத்தைத் தொடாமல் பக்கத்தில் முழு அடுத்த பிரதியைத் தயார் செய்து, ரீபூட்டில் அதற்கு மாறும். நடுவில் கரண்ட் போனால் பழையதே எழும். ஆனால் டேட்டா நிறையத் தின்னும். ஹாட்ஸ்பாட் நண்பர் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்.

27 அக்டோபர்

டைம்ஷிஃப்ட் பற்றிக் கேட்டார்கள். மின்ட்டிலேயே வருகிறது. சிஸ்டம் கோப்புகளின் ஸ்னாப்ஷாட் எடுக்கும்; அப்டேட் கெடுத்தால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். உங்கள் போட்டோ, டாக்குமென்ட் எதையும் எடுக்காது, ஹோம் ஃபோல்டரை இயல்பாகவே விட்டுவிடும். அதே டிஸ்கில் வைத்தால் டிஸ்க் போனால் அதுவும் போச்சு. இதை பேக்கப் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குத்தான் நிம்மதி போகிறது.

30 அக்டோபர்

மேலே ஒருவர் நல்ல அடி கொடுத்திருக்கிறார்: "எல்லாவற்றையும் உடனே போடு என்கிறீர்களே, 2023 டிசம்பரில் டெபியன் கதை தெரியுமா?"

தெரியும். டெபியன் 12.3 வெளிவர இருந்தது. அதோடு வந்த 6.1.64 கர்னலில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் டேட்டா கெடும் ஒரு பிழை. அப்கிரேட் செய்யாதீர்கள் என்று டெபியனே அறிவித்து, 12.3-ஐ நிறுத்திவைத்து, 10-ஆம் தேதி 12.4 விட்டார்கள். ஸ்டேபிள் என்று பெயர் வாங்கியது டெபியன். அதிலேயே இது. உடனே போட்டவர்களுக்குத்தான் ஆபத்து, ஒரு வாரம் சோம்பேறியாக இருந்தவர் தப்பித்தார்.

அதற்கு அடுத்த மார்ச்சில் எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் கருவி). அது இன்னும் பயங்கரம். 5.6.0, 5.6.1 இரண்டிலும் யாரோ திட்டமிட்டு, வருடக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து, பின்கதவு வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) லாகின் அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டப்போய் 2024 மார்ச் 29-இல் அதை வெளியே சொன்னார். மாட்டியது டெபியன் டெஸ்டிங், சிட், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், டம்பிள்வீட் மாதிரி புதியதை உடனே எடுக்கிறவை. உபுண்டு, மின்ட், டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவர்களிடம் அந்தப் பதிப்பு வந்தே சேரவில்லை.

இரண்டையும் வைத்துக்கொண்டு "அப்டேட்டே ஆபத்து" என்று முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன். எக்ஸ்இசட் புதிய பதிப்பாக வந்தது. 19-ஆம் தேதி நான் சொன்ன நாலு வரிச் செருகல் அல்ல. டெபியன் கர்னல் கதை மட்டும் உண்மையிலேயே என் பக்கத்து வாதத்தை இடிக்கிறது, ஸ்டேபிள் வரிசைக்குள்ளேயே நடந்தது அது. ஆகவே ஒரு இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கர்னலுக்கு இரண்டு மூன்று நாள் பொறுங்கள், பரவாயில்லை. அந்த ஓட்டையை வெளியே யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வராத வரை. பிரவுசருக்குப் பொறுக்காதீர்கள். அங்கே காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

30 அக்டோபர், அதே இரவு

கர்னலில் ஒரு வசதி உண்டு, மறந்துவிட்டேன். புதியது வந்தாலும் பழையது அழிவதில்லை. கறுப்புத் திரை வந்தால் பூட் ஆகும்போது ஷிஃப்டையோ எஸ்கேப்பையோ அழுத்தி கிரப் மெனுவைக் கொண்டுவந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அதுவே போதும். ஃபார்மட் அடித்துத் திரும்பப் போடுகிற விண்டோஸ் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

அதே வசதிக்கு ஒரு விலையும் உண்டு. டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு பூட் பார்டிஷன் தனியாக, சின்னதாக இருக்கும். பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பினால் அடுத்த கர்னல் பாதியில் தொங்கும், அதற்குப் பிறகு எந்த அப்டேட்டும் முடியாது. ஆப்ட் ஆட்டோரிமூவ் அடித்தால் தீரும். மின்ட்டில் அப்டேட் மேனேஜர், எடிட், பிரிஃபரன்ஸஸ், ஆட்டோமேஷன் போனால் பழைய கர்னல்களைத் தானாக நீக்கும் பொத்தான் இருக்கிறது. தானாக அப்டேட் போடும் பொத்தானும் அங்கேதான். மாமா கடையில் இரண்டையும் ஆன் செய்து வைத்திருக்கிறேன், டைம்ஷிஃப்ட்டோடு.

2 நவம்பர்

ஆர்ச் லினக்ஸ் நண்பருக்கு: பாக்மேன் (அங்கே ஆப்ட் மாதிரி) ஹைஃபன் எஸ்ஒய் மட்டும் அடித்து ஒரே ஒரு பாக்கேஜை ஏற்றியிருக்கிறீர்கள். பாதி அப்கிரேடை ஆர்ச் ஆதரிப்பதே இல்லை, அவர்கள் விக்கியிலேயே போட்டிருக்கிறார்கள். எஸ்ஒய்யு-தான். அடிப்பதற்கு முன் முகப்புச் செய்தியைப் படியுங்கள். இந்த ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேரைப் பல துண்டாக உடைத்தபோது கையால் நீக்கிவிட்டுப் போட வேண்டும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தார்கள். படிக்காதவர்கள் எல்லாரும் ரெடிட்டில் வந்து அழுதார்கள்.

படிக்க நேரம் இல்லை என்றால் ஆர்ச் உங்களுக்கு இல்லை. இதைச் சொன்னால் ஆர்ச்காரர்களுக்கே கோபம் வராது, சந்தோஷப்படுவார்கள்.

5 நவம்பர்

படிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் தன் யூடியூப் சேனலில் பாப் ஓஎஸ் போட்டுவிட்டு ஸ்டீம் நிறுவப் போனார். பாக்கேஜ் முரண்பாடு. ஸ்டீம் வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் பட்டியல் போட்டுக் காட்டி, ஒய் அழுத்தினால் போதாது, ஒரு முழு வாக்கியத்தை டைப் செய்தால்தான் செய்வேன் என்றது. அவர் டைப் செய்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஆப்ட்-இலேயே மாற்றம் கொண்டுவந்தார்கள், முக்கியப் பாக்கேஜ்களை அப்படிச் சுலபமாக நீக்கவிடாது.

அவரைக் கிண்டல் செய்தவர்கள் அதிகம். நான் செய்ய மாட்டேன். எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே அழுத்த நமக்கு இருபது வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஃபுல்-அப்கிரேட் அடிக்கும்போது "நீக்கப்படும்" என்ற தலைப்பின் கீழ் வருவதை மட்டுமாவது படியுங்கள். அங்கே சினமன் என்றோ க்னோம் என்றோ ஸோர்க் என்றோ (எல்லாம் டெஸ்க்டாப்பைக் காட்டுபவை) பார்த்தால் N எழுத்தை அழுத்துங்கள்.

9 நவம்பர்

டூயல் பூட் (விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில்) வைத்திருக்கும் ஒருவர்: "லினக்ஸ் பக்கம் எதையுமே தொடவில்லை, திடீரென்று பூட் ஆகவில்லை, எஸ்பிஏடி என்று ஏதோ சொல்கிறது."

2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டில் நடந்ததும் இதுதான். பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏற்கக் கூடாது என்று ஒரு தடைப்பட்டியல் (அதுதான் எஸ்பிஏடி) போட்டார்கள். டூயல் பூட் மெஷின்களில் அதைப் போடமாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடிக்கும் வேலை சரியாக நடக்காததால் நிறையப் பேருக்கு விழுந்தது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் ஷிம், கிரப் என்ற பூட்லோடர்கள் இரண்டையும் அப்டேட் செய்து, ரீபூட் செய்து திரும்ப ஆன் செய்து பாருங்கள். உங்களுடையதும் அதே கதையா என்று இந்தச் செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, முழு எழுத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

"எதையுமே தொடவில்லை" என்பதைக் கவனித்தீர்களா? தொடாத பக்கம்தான் படுத்தது.

16 நவம்பர்

ஆட்கள் அப்டேட் போடுவதில்லை என்று மின்ட் குழுவே 2021 பிப்ரவரியில் புலம்பியிருக்கிறது. புது ஃபயர்பாக்ஸ் வந்த ஒரு வாரத்துக்குள் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 30 சதவீதம்தானாம். 2019 ஏப்ரலில் ஆதரவு முடிந்த மின்ட் 17 வரிசையையும் அப்போது கணிசமான பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்டேட் மேனேஜர் நினைவூட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆக, கேட்டவரே, உங்கள் மூலையில் இருக்கும் கேடயம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வாய் திறக்கக் கற்றுக்கொண்டது.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஐந்து வருட ஆதரவு என்பது மெயின் களஞ்சியத்துக்குத்தான். விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் எல்லாம் யுனிவர்ஸ் என்ற இன்னொரு களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் முறையான பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்றால் உபுண்டு ப்ரோ. சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். அப்டேட் ஓட்டும்போது அதற்கான விளம்பர வரி வந்து நிற்கும்; அந்த வரியைப் பார்த்துக் கடுப்பாகி வேண்டுமென்றே போடாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். டெர்மினலில் விளம்பரம் போடுவது இன்றும் பிடிக்கவில்லை. போட்டுக்கொண்டேன்.

30 நவம்பர்

கேட்டவரிடமிருந்து சேதி: ஹாட்ஸ்பாட்டிலேயே பாதுகாப்பு வரிசையை முடித்துவிட்டார், கர்னலும் ஏறிவிட்டது, ஒன்றும் உடையவில்லை. இப்போது புதுக் கேள்வி. பள்ளிக்கூட வேலைக்காக அக்கா வைத்திருக்கும் பிசியில் உபுண்டு 18.04 இருக்கிறதாம், அதிலும் கேடயம் மாதிரி ஏதாவது வைக்க முடியுமா என்கிறார்.

18.04-க்கு வழக்கமான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. கேடயம் வைத்தாலும் காட்ட ஒன்றும் இருக்காது. ப்ரோவில் சேர்த்தால் 2028 வரை திருத்தம் வரும், ஆனால் டெப் பிரவுசர்கள், புதிய செயலிகள் ஒவ்வொன்றாக அந்தப் பழைய அடித்தளத்தைக் கைவிட்டுக்கொண்டே போகும். மேலே கொண்டுபோவதென்றால் 20.04, 22.04, 24.04 என்று ஒவ்வொரு படியாகத்தான், நடுவில் தாவ முடியாது. மூன்று தடவை முழு அப்கிரேட், உங்கள் டேட்டாவில். அதைவிட ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு, ஒரே பென்டிரைவில் 24.04-ஐயோ மின்ட் 22.2-ஐயோ புதிதாகப் போடுவது மலிவு. மேலே ஃபார்மட் பழக்கத்தைத் திட்டினேன்தான். இந்த மெஷினுக்கு ஃபார்மட்.

ராம் எத்தனை ஜிபி என்று கேட்டுச் சொல்லுங்கள். நாலு என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.